வற்றலுக்கென ஒரு வீட்டுத் தோட்டம்: விதைப்பு முதல் ஜாடி வரை

மாடியிலோ கொல்லையிலோ காய் கொத்துக் கொத்தாக வந்த பிறகுதான் பலருக்கு வற்றல் ஞாபகம் வருகிறது. அப்போது மாதம் ஐப்பசியாக இருக்கும். மூன்றாம் நாள் காயின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும், மொத்தமும் குப்பைக்குப் போகும். உப்பைக் கூட்டிப் பார்ப்பார்கள், மோரை மாற்றிப் பார்ப்பார்கள். பிழை நடந்தது விதைத்த நாளில்.

வற்றலுக்காகப் பயிரிடுவதென்றால் வெயிலிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். கொத்தவரை, மிளகாய், மணத்தக்காளி, சுண்டை ஆகிய நான்கை வைத்துத் தமிழ்நாட்டுச் சமவெளிக்கான முறை கீழே இருக்கிறது. மலைப் பகுதிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

1. முதலில் நாள்காட்டி

காய வைக்க நம்பகமான நாட்கள் மாசி பாதியிலிருந்து சித்திரை முடிய, அதாவது மார்ச் முதல் மே பாதி வரை. அதற்கு முன்னால் விடியற்காலைப் பனி இருக்கும். பின்னால் கோடை மழை. கொங்குப் பகுதியிலும் உள் மாவட்டங்களிலும் சித்திரையிலேயே சாயங்கால இடிமழை வரும் என்பதால் அங்கே பங்குனிதான் முக்கியமான மாதம்.

இந்த நாட்களுக்குள் காய் கைக்கு வர வேண்டுமானால் விதைப்பு இப்படி அமையும்.

மிளகாய்: கார்த்திகை கடைசியில் நாற்று விடுங்கள். 35 முதல் 40 நாளில் நாற்று தயாராகும். தை முதல் வாரத்தில் நடவு. நட்ட 60 முதல் 75 நாளில் பச்சைக் காய் பறிக்கலாம், அதாவது பங்குனி.

கொத்தவரை: தை கடைசி, அல்லது மாசி முதல் வாரம். நேரடி விதைப்பு. 45 முதல் 55 நாளில் முதல் பறிப்பு.

மணத்தக்காளி: மார்கழியில் விதை. கீரை முன்னாலேயே கிடைக்கும், காய்க்கு இரண்டரை மாதம் ஆகும்.

சுண்டை: போன வருட ஆடியிலேயே மண்ணில் இருந்திருக்க வேண்டும். இது பல வருடம் நிற்கும் புதர். இந்த வருடம் வைத்தால் அடுத்த கோடைக்குத்தான் வற்றல்.

கார்த்திகையில் மழை முழுதாக விட்டிருக்காது என்பதால் மிளகாய் நாற்றைத் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போடாதீர்கள். சித்திரை வெயில் ஏறிய பிறகு மிளகாயில் பூ நிற்காமல் கொட்டும். நாற்றில் இருபது நாள் தாமதித்தால் விளைச்சல் வெகுவாகக் குறையும்.

2. எத்தனை செடி

வற்றலுக்கு ஒரே சமயத்தில் அரைக் கிலோவாவது சேர வேண்டும். தினம் ஒரு கைப்பிடி வந்தால் குழம்புக்குத்தான் போகும். ஒரு கிலோ மிளகாயை ஒரே பறிப்பில் எடுக்க 10 முதல் 15 செடி வேண்டும். கொத்தவரை 25 செடிக்குக் குறைந்தால் வற்றல் கணக்கில் சேராது. மணத்தக்காளி ஆறேழு செடி. சுண்டை ஒன்றே ஒன்று போதும், இரண்டாவது செடி வைத்தவர்கள் அடுத்த வருடம் வெட்டுகிறார்கள்.

இடம் குறைவென்றால் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்காமல் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்குக் கொத்தவரையும் சுண்டையும் எளிது. மிளகாய்க்குக் கவனிப்பு அதிகம்.

3. மண்ணும் பையும்

மாடிக்கு: செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. 12 அங்குலப் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேருங்கள், வேர்ப்புழு குறையும்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி ஒருமுறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதில் இருக்கும் உப்பும் துவர்ப்பும் இளவேரைக் கருக்கும். முளைத்து வந்து இரண்டாவது இலையிலேயே ஓரம் காய்ந்து நிற்கும் நாற்றுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கலவையை நிரப்பிப் பத்து நாள் ஈரமாக விட்டு, பிறகு விதைக்கவோ நடவோ செய்யுங்கள். உரம் முழுதாக மக்கவில்லையென்றால் அந்தப் பத்து நாளில் பை சூடேறுவது கையிலேயே தெரியும். சூடு தணியும் வரை காத்திருக்க வேண்டும்.

மிளகாய்க்கு ஒரு பைக்கு ஒரு செடி. கொத்தவரைக்கு மூன்று. தரையில் விதைத்தால் கொத்தவரைக்குச் செடிக்குச் செடி 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 45 செ.மீ.

4. மிளகாய்: நாற்றிலிருந்து பூ வரை

மோர் மிளகாய்க்கு நீளமான மெல்லிய ரகம் சரிப்படாது. காய்ந்தால் தோலும் விதையும்தான் மிஞ்சும். குட்டையான, சதை பருத்த, காரம் மிதமான ரகம் வேண்டும். விதைக் கடையில் ‘மோர் மிளகாய் ரகம்’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

விதையோடு ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (நாற்றழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) பொடியைப் புரட்டி, குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒன்றாக, அரை செ.மீ. ஆழத்தில் போடுங்கள். முளைக்க 7 முதல் 10 நாள். இரவுக் குளிர் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் கூடும். முளைக்கவில்லையே என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள்தான் முளையை ஒடிக்கிறார்கள்.

தட்டை மழை விழாத, ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில் வைக்க வேண்டும். காலையில் மட்டும் தண்ணீர். சாயங்காலம் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நிற்கும், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகி நாற்று சாயும். ஒன்று சாய்ந்தால் சுற்றியிருப்பதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

ஆறு இலை வந்ததும் நடவு, வெயில் தாழ்ந்த பிறகு. நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் தெளிக்கலாம். பூ வந்த பிறகு தழைச்சத்து உரத்தைக் கூட்டாதீர்கள். செடி கரும்பச்சையாக நிற்கும், பூ உதிரும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டு படகுபோல ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்தை மாற்றி மாற்றி அடிப்பது வழக்கமாக நடக்கும் பிழை. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கரைய நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகப் பொடி), லிட்டருக்கு 2 கிராம். மாசிக்குப் பிறகு கந்தகம் வேண்டாம், வெயிலோடு சேர்ந்து இலையைக் கருக்கிவிடும். அப்போது சுருண்ட நுனியைக் கிள்ளி எறிவதே மேல்.

5. மற்ற மூன்றும்

கொத்தவரை, தெற்கே சீனி அவரை, ஆணிவேர் உள்ளது. நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் தேறாது. விதையை இரண்டு செ.மீ. ஆழத்தில் நேரடியாக ஊன்றுங்கள், ஐந்தாறு நாளில் வந்துவிடும். வாரம் இரண்டு மூன்று தண்ணீர் தரைச் செடிக்குப் போதும். பைச் செடிக்குக் கோடையில் தினம் ஒருமுறை. பூவெடுக்கும் நேரத்தில் மட்டும் வாடவிடக் கூடாது, காய் நார் பாய்ந்து போகும். மாடியில் கிளை விடாத ரகம் வசதி. பூசா நவ்பஹார் அந்த வகை.

மணத்தக்காளியின் விதை தூசிபோல் இருக்கும். மணலோடு கலந்து தூவி, மேலே மண் போடாமல் பூவாளியால் நனையுங்கள். கீரை ஆசையில் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் காய் பிடிக்காது. இரண்டு செடியைக் கீரைக்கென்று ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொடாதீர்கள்.

சுண்டைக்குச் சொல்ல அதிகம் இல்லை. தரையில், முள் யார்மேலும் படாத மூலையில் வையுங்கள். வருடம் ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும்.

6. பறிப்பு: வற்றலின் தரம் இங்கேதான் முடிவாகிறது

பறிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாத் தெளிப்பையும் நிறுத்துங்கள். காயும்போது காய் நாலைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். மேலே ஒட்டியிருக்கும் வேப்பெண்ணெய் வாசம் மட்டும் சுருங்காது.

கொத்தவரையை விரலால் ஒடித்துப் பாருங்கள். ‘டப்’பென்று ஒடிய வேண்டும், நார் இழுக்கக் கூடாது. விதை வெளியே புடைத்துத் தெரிந்தால் முற்றல். அதை வற்றலாக்கினால் பொரித்த பிறகும் வாயில் சக்கை நிற்கும். கறிக்கு ஆகாததை வற்றலுக்கு ஒதுக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

மிளகாய் முழு அளவுக்கு வளர்ந்து, பச்சை நிறம் மாறாமல், தோல் பளபளப்போடு இருக்க வேண்டும். லேசாகச் சிவப்பு ஏறியதை எடுக்காதீர்கள், மோரில் தோல் கழன்றுவிடும். காம்போடு பறியுங்கள். காம்பு போனால் அந்த ஓட்டை வழியே சதை அழுகத் தொடங்கும்.

மணத்தக்காளியில் முற்றிய பச்சைக் காய். பழுத்தது காயும்போது பிசுபிசுக்கும். சுண்டையில் கெட்டியான பச்சைக் காய். நகத்தால் அழுத்தினால் இறங்க வேண்டும். மஞ்சள் சாயல் வந்திருந்தால் விதை கல்லாகியிருக்கும்.

காலையில் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். ஒரே நாளில் சேரவில்லையென்றால் கழுவாமல் துணிப் பையில் குளிர்பெட்டியில் மூன்று நாள் வரை சேர்க்கலாம். கழுவி வைத்தால் மறுநாளே கறுக்கும்.

7. காய வைக்கும் இடம்

பிளாஸ்டிக் தாள் வேண்டாம். காயிலிருந்து இறங்கும் ஈரம் அடியில் தங்கி, கீழ்ப்பக்கம் வியர்த்துப் பூஞ்சணம் பூக்கும். துவைத்த பழைய வேட்டியைக் கோரைப் பாய் மேலோ, கயிற்றுக் கட்டில் மேலோ விரியுங்கள். கட்டில் மிக நல்லது, அடியிலும் காற்றுப் போகும். மேலே மெல்லிய வலைத் துணி, காக்கைக்கும் ஈக்கும். நாலு மூலையிலும் கல்.

காலை ஒன்பது மணிக்கு வெளியே, நாலரைக்கு உள்ளே. ராத்திரி வெளியே விட்டால் பகலில் போன ஈரம் திரும்பி வரத் தொடங்கும். கடலோர ஊர்களில் பிற்பகல் கடற்காற்றில் ஈரம் இருப்பதால் உள் மாவட்டங்களை விட ஓரிரு நாள் அதிகம் பிடிக்கும். அங்கே நாலு மணிக்கே எடுத்துவிடலாம்.

8. கொத்தவரை வற்றல்

தேவை: கொத்தவரை 1 கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், கல்லுப்பு 60 கிராம், மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி. உப்பை எடை போடுங்கள். ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் ஒரே எடை இருக்காது.

இரு முனையும் கிள்ளி, கழுவி வடியுங்கள். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது காயைப் போட்டு, மறு கொதி வந்து மூன்று நிமிடத்தில் வடிதட்டில் கொட்டுங்கள். காய் பளீரென்று பச்சையாகி, வளைத்தால் வளைய வேண்டும். நசுங்கக் கூடாது.

வேகவைக்காமல் பச்சையாகக் காயப் போட்டால் நிறம் வைக்கோலாகும், தோல் தடித்து உள் ஈரத்தை வெளியே விடாது. அதிகம் வெந்தால் காய் பிளந்து விதை கொட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட வித்தியாசம்தான், அடுப்பை விட்டு நகராதீர்கள்.

ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, முதல் நாள் இரண்டு முறை புரட்டுங்கள். புளிப்பு வேண்டுவோர் அன்று சாயங்காலம் கால் லிட்டர் கெட்டி மோரில் பிரட்டி ராத்திரி வைத்து, காலையில் மறுபடி பரப்பலாம். நல்ல பங்குனி வெயிலில் மூன்று நான்கு நாள். இரண்டாக ஒடித்தால் உள்ளே பச்சையோ ஈரமோ தெரியக் கூடாது.

9. மோர் மிளகாய்

தேவை: மிளகாய் 1 கிலோ, தண்ணீர் விடாமல் கடைந்த புளித்த தயிர் 1 லிட்டர், கல்லுப்பு 110 கிராம். விருப்பமிருந்தால் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி.

வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கழுவுங்கள், துணியால் ஒற்றுங்கள், ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள், அதன் பிறகே கீறுங்கள். கீறிவிட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கும், மோரின் உப்பு நீர்த்துப்போகும், காய் உள்ளிருந்து அழுகும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், ஒடித்தால் உள்ளே விதை கறுத்திருக்கும்.

கீறல் நுனியிலிருந்து இரண்டு செ.மீ., ஒரு பக்கம் மட்டும். காம்பு வரை கீறினால் காயும்போது விதை சிந்தும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது கையுறை. அன்று முழுக்கக் கண்ணைத் தொடாதீர்கள்.

உப்புக் கலந்த தயிரில் மிளகாயைப் போட்டுப் பீங்கான் ஜாடியில் இரண்டு நாள் மூடி வையுங்கள். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்குங்கள். அலுமினியம், பித்தளை கூடாது, புளிப்பும் உப்பும் சேர்ந்து அரிக்கும்.

மூன்றாம் நாள் காலை மிளகாயைப் பிழியாமல் எடுத்து வெயிலில் பரப்புங்கள். மோரையும் ஜாடியோடு, வாயில் மெல்லிய துணி கட்டி, பக்கத்திலேயே வையுங்கள். பலர் மோரை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள், இரண்டாம் நாள் அது நாறும். சாயங்காலம் மிளகாயை மறுபடி மோரில் போடுங்கள். மறுநாளும் இப்படியே. வெயிலில் சுருங்கிய காய் ராத்திரி மோரை உறிஞ்சும். மூன்று நான்கு நாளில் ஜாடி வற்றிவிடும்.

அதன் பிறகு வெயில் மட்டும், இன்னும் நான்கைந்து நாள். காய் வெளிறிய வைக்கோல் நிறமாகும். ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், காம்பை வளைத்தால் ஒடிய வேண்டும். காய் முறுகலாகவும் காம்படி மெத்தென்றும் இருந்தால் வேலை முடியவில்லை. பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்தக் காம்படியில்தான்.

நடுவில் மேகம் போட்டால் பதற வேண்டாம். மோர் மீதம் இருக்கும் கட்டமானால் மிளகாயை மோரோடு குளிர்பெட்டியில் இரண்டு நாள் நிறுத்தலாம். மோர் வற்றிய கட்டமானால் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், அல்லது ஓவனில் 60 டிகிரியில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உலர்த்துங்கள். சூட்டைக் கூட்டினால் மேல் தோல் மட்டும் கெட்டித்து உள்ளே ஈரம் சிறைபடும்.

10. சுண்டையும் மணத்தக்காளியும்

சுண்டை அரைக் கிலோவுக்குப் புளித்த மோர் அரை லிட்டர், கல்லுப்பு 45 கிராம். குழவியின் அடியால் ஒவ்வொரு காயாக ஒரு தட்டு. வாய் பிளந்தால் போதும், நசுங்கினால் சதை மோரோடு போய்விடும். தட்டியதை உடனே தண்ணீரில் போடாவிட்டால் நிமிடங்களில் கறுக்கும். தண்ணீரில் பிசைந்து விதையில் பாதியாவது போக அலசினால் கசப்பு மட்டுப்படும். முழுக்கப் போக்கினால் சுண்டைக்கு என்ன வேலை?

பிறகு மோரில் ராத்திரி, வெயிலில் பகல், மோர் வற்றும் வரை. கடைசியில் தட்டில் போட்டால் கூழாங்கல் சத்தம் வர வேண்டும்.

மணத்தக்காளி சிறிதாக இருந்தாலும் தோல் மெழுகுபோல் இருப்பதால் மெதுவாகக் காயும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் தோல் இளகும். அதன் பிறகு சுண்டையைப் போலவே மோரும் வெயிலும், உப்பு கொஞ்சம் குறைத்து.

11. ஜாடியில் அடைப்பதற்கு முன் ஒரு வாரம்

எத்தனை காய்ந்தாலும் நேராக இறுக மூடி அலமாரியில் வைக்காதீர்கள். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைத்தால் மூடியில் நீர் கோக்கும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் தினம் ஒருமுறை குலுக்குங்கள். காய்ந்த காயும் சற்றே ஈரமான காயும் கலந்து ஈரம் சமமாகும். கண்ணாடியில் ஆவி படிந்தாலோ காய் ஒட்டிக்கொண்டாலோ மறுபடி ஒரு நாள் வெயில். இந்த ஒரு வாரத்தில்தான் நாலு மாதத்துக்குப் பிறகு தெரியவேண்டிய கோளாறு முன்கூட்டியே தெரியும்.

பூஞ்சணம் தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதைப் பொரிக்காதீர்கள். சில பூஞ்சணங்கள் விடும் நச்சு எண்ணெய்ச் சூட்டிலும் அழியாது. மேலே உப்பு பூத்திருப்பதும் வெள்ளையாகத்தான் இருக்கும்: விரலில் தேய்த்தால் நறநறவென்றிருந்து தண்ணீரில் கரைந்தால் உப்பு. பஞ்சுபோல் இழைத்தால் பூஞ்சணம், ஜாடி முழுதும் போகட்டும்.

12. மழைக்காலத்துக்கு முன்

பெரிய டப்பா ஒன்றுக்குப் பதில் சின்ன ஜாடிகள் நாலு. தினம் திறப்பது ஒன்றாக இருக்கட்டும், மற்றவை மூடியே இருக்கும். ஈரக் கை, ஈரக் கரண்டி கூடாது. புரட்டாசியில் வெயில் அடிக்கும் ஒரு நாளில் எல்லா ஜாடியையும் தட்டில் கொட்டி, பகல் முழுக்கக் காயவைத்து, ஆறவிட்டு, துடைத்த ஜாடியில் திரும்பப் போடுங்கள். வண்டு இருந்தாலும் அன்றைக்கே கண்ணில் படும்.

பொரிக்கும்போது எண்ணெய் மிதமாகக் காய்ந்தால் போதும். புகை வரும் சூட்டில் போட்டால் மிளகாய் நொடியில் கறுத்துக் கசக்கும். வற்றல் குழம்புக்குப் போடுவதானால் குழம்பில் உப்பைப் பாதியாகக் குறைத்து, வற்றலைச் சேர்த்துக் கொதித்த பிறகு ருசி பார்த்து மீதியைப் போடுங்கள்.